சோலியில்லாத கட்டிகள்

எங்கள் அண்ணையின் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, "உங்கடை அண்ணைக்கு என்ன வருத்தம், என்ன நோய்?" என்று உங்களில் பலர் என்னைக் கேட்டீர்கள். அழுகைக்கு நடுவே ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. தங்கை நான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணை பண்டத்தரிப்பில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா வேளைக்கே காலமானதால் பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்தில் இறங்கினார். வெங்காயத்தையும் கத்தரிக்காயையும் சைக்கிளில் கட்டி மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று எங்களை ஆளாக்கினார். இளவயதிலேயே அவருடைய தோலில் சிறு சிறு கட்டிகள் எழும்பின. கலியாணம் பேசிய இடங்களில் அதைச் சொல்லியே தட்டிக்கழித்தார்கள். அண்ணையோ, "நான் பலாப்பழமடி, உள்ளுக்கைதான் இனிப்பு" என்று என்னைச் சிரிக்க வைத்தார். எனக்குத்தான் அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அவை நரம்பில் வரும் கட்டிகள், புற்றுநோய் அல்ல, சோலியில்லை, பயப்படத் தேவையில்லை என்றார் டாக்குத்தர். அந்தச் "சோலியில்லை"யைப் பிடித்துக்கொண்டு வீடே நிம்மதியாக இருந்தது. பின்னர் அவருக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஐயாவுக்கும் தொய்வு, அதுதான் ஆஸ்துமா, இருந்தபடியால் இதுவும் தொய்வுதான் என்று ஆடாதோடைக் கசாயம் வைத்துக் கொடுத்தோம்.

ஸ்கான் எடுத்தபோது நுரையீரல் ஓரிடத்தில் தழும்பாக இறுகியும் இன்னோரிடத்தில் பொத்தலாகவும் இருந்தது. இந்தக் கட்டிகள் உள்ளவர்களில் சிலருக்கு நுரையீரலும் இப்படிப் பழுதாகுமாம். பழுதானதைத் திருப்பியெடுக்க மருந்தில்லையாம். அண்ணை ஒரு சுருட்டைக்கூடத் தொட்டதில்லையே என்று டாக்குத்தரோடு வாதாடினேன். அவர் பாவம், என்ன செய்வார்?

ஒட்சிசன் மெசின் வீட்டுக்கு வந்தது. சந்தையே சிரிக்கக் கதைத்தவர் ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையில் மூச்சைத் தேடினார். மறுமொழி சொல்லப்போய்க் களைத்துவிடுவாரே என்று நாங்களும் வாய் திறப்பதில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை... எனக்குத்தானே கதைக்கேலாது. நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறியள்? ஏதும் கதையுங்கோ... நான் கேக்கிறன்."

என்னத்தைக் கதைப்பது? மிளகாய் காய்த்திருப்பதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் எழும்பி அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

சிகிச்சையளித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், மெசினை இரவல் தந்த குடும்பத்துக்கும், கரண்ட் நின்றபோதெல்லாம் ஜெனரேட்டரோடு ஓடிவந்த அயலவருக்கும் கைகூப்புகிறோம். பக்கத்து வீட்டு மாமி, எங்களால் முடியாததை நீங்கள் செய்தீர்கள். நாள்தோறும் கட்டிலருகே இருந்து ஊர்ப்புதினம் சொன்னீர்கள். கடைசி நாளும், யாருடைய மாடு யாருடைய தோட்டத்தில் பூந்தது என்று நீங்கள் சொல்லச் சொல்ல அண்ணையின் முகத்தில் சிரிப்பு இருந்தது. கதை முடியுமுன்னே அவர் போய்விட்டார். நீங்களும் கதையை அப்படியே விட்டு எழும்பிவிட்டீர்கள்.

மாமி, ஆறுதலாக ஒருநாள் வந்து மிச்சத்தை எங்களுக்குச் சொல்லுங்கள்.