கையை ஊன்றிப் படியேறியவர்

தேயிலைத் தோட்டத்து நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறிய என் வீட்டுக்காரர் கீழே விழுந்தார். முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வீல்சேரை ரோட்டோரக் கடையில்தான் விட்டுவைத்திருக்கிறோம். அங்கிருந்து நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசை வரைக்கும் கல்படிகள். சக்கரம் எங்கே ஏறும்? அவர் படியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி ஏறுவார். யாரையும் கிட்டே விடமாட்டார். அந்த ரோஷம் எனக்குப் பிடிக்கும்.

கை மரத்துப்போகிறது என்று அவர் சொன்னபோது லயத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொழுந்து பறிக்கிற எங்களில் யாருக்குத்தான் கை மரக்கவில்லை? தூக்கத்தில் எழுந்து கையை உதறிவிட்டுப் படுப்போம், விடிந்ததும் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய் நிற்போம். உங்கள் வீட்டுத் தொரைக்கும் கொழுந்து பறிக்கிற வியாதி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். மணிக்கட்டு வலித்தால் நாங்கள் செய்துகொள்வதையே அவருக்கும் செய்தோம். தைலம் தேய்த்து, பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டினோம். கட்டோடேயே படியேறினார். எங்கள் கைகளுக்காவது ஞாயிற்றுக்கிழமை உண்டு. அவர் கைகளுக்கு அதுவும் கிடையாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு தேத்தண்ணிக் கோப்பை நழுவ ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைப் போட விரல் வரவில்லை. வலது கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன். அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கையில் கரண்ட் வைத்துச் சோதித்தார்கள். உடம்புப் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கி நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டொக்டர். நல்ல மனிதர், சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். ஒப்பரேஷன் சின்னதுதான், வலி குறையும், ஆனால் வற்றிய சதை திரும்பாது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அந்தக் கையை ஊன்றவே கூடாது. இடது கையிலும் நரம்பு நசுங்கத் தொடங்கியிருக்கிறதாம். அதையாவது காப்பாற்ற வேண்டுமானால் இனிமேல் கையை ஊன்றிப் படியேறுவதையே விட்டுவிட வேண்டுமாம். ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துக்கொடுத்தார்.

எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்து படிக்கட்டுக்குக் கீழே ஆட்டோ நின்றது. அவர் இறங்கி முதல் படியில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் கொண்டுபோனார். ஊன்றவிடாமல் அந்தக் கைகளை நான் பிடித்துக்கொண்டேன். தூக்கிப்போக லயத்து ஆம்பளைகள் இரண்டு பேர் வந்து நின்றார்கள், பக்கத்து வீட்டு அக்காவும் வந்தார். என் வீட்டுக்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கால் போனப்ப, கை இருக்குல்லன்னு எல்லாரும் சொன்னீங்க. இப்ப என்னா சொல்லப் போறீங்க?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்று எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.