அருமனையில் ஒரு பம்பு விற்ற கதை

மருந்துக்கடையில் மருந்து விற்பது சுலபம். விற்ற மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்க வைப்பதற்குள்தான் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். கவுண்டருக்குப் பின்னால் நின்று காய்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடையிலும் ஓர் அபிஷா இருப்பாள். எங்கள் அபிஷாவுக்கு ஏழு வயது, இரைப்பு நோய்.

ஜிம் மருந்து

அபிஷாவின் அம்மா ஷீலா டாக்டர் சீட்டை நீட்டினாள். அதில் இரண்டு பம்பு, அதாவது வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர். நீலம், இரைப்பு வந்தால் உடனே மூச்சு விட. மற்றது, இரைப்பு வராமலே தடுக்க; பிள்ளை நன்றாக இருந்தாலும் தினம் இரண்டு வேளை. "நீலம் போதும், மற்றது ஸ்டீராய்டு" என்றாள். யார் சொன்னது? துபாயிலிருக்கும் கணவர். அவரையே வீடியோ காலில் பிடித்துக் கொடுத்தாள். இது வேறு வகை, துளி அளவு, பெரும்பாலும் நுரையீரலோடு நிற்கும், பிள்ளையின் வளர்த்தியை டாக்டர் அளந்து பார்த்துக்கொள்வார் என்று பாடமே நடத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு அந்த மேதை சொன்னார்: "ஜிம்முக்குப் போற பயலுவ போடியத எம்பிள்ளைக்கு எதுக்கு வே? அவ என்ன பாறாங்கல்லா தூக்கப் போறா?"

கண்ணாடி அலமாரி

ஒருவழியாக வாங்கிப் போனாள். பம்பை மாட்டி இழுக்க ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாயும் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் சண்டைக்கு வந்தாள். பிள்ளையின் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படை. டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு விசாரித்தேன். மருந்தை நேரே வாய்க்குள் அடித்திருக்கிறார்கள், வாயும் கொப்பளிக்கவில்லை. குழாய் எங்கே? துபாய் டீ செட்டுக்குப் பக்கத்தில் கவர் பிரிக்காமல் கொலுவிருக்கிறதாம். "நல்ல சாமானாச்சே அண்ணே, டெய்லி எடுத்தா கீறல் விழும்லா?"

சாட்சி

குழாய் அலமாரியை விட்டு இறங்கியது. இரண்டு மாதத்தில் அபிஷா பள்ளியில் ஓடிப் பிடித்து விளையாடினாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். பிறகு ஷீலாவைக் காணோம்.

ஒருநாள் சந்தையில் அவளைப் பார்த்துக் கேட்டேன். கர்த்தர் பிள்ளைக்குப் பூரண சுகம் தந்தார் என்று சர்ச்சில் சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்லிவிட்டாளாம். டாக்டரைக் கேட்காமலே மருந்தும் நின்றாயிற்று. நானும் அதே சபைதான். மருந்தை நிறுத்து என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மருந்தால்தான் அடங்கியிருக்கிறது, விட்டால் திரும்பும் என்றேன். "சாட்சி சொன்ன வாயால பிறவும் பம்பு கேட்டா, ஊரு சிரிக்காதா அண்ணே?"

பேப்பர் பொதி

மழை பிடித்த வாரம் அபிஷா உதடு நீலம்பாரித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று நாள் ஆக்சிஜன். பார்க்கப் போனேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே ஒட்டியது. ஊர் சிரிக்கும் என்று பயந்தவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு விட்ட அன்று தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். சபைக்காரர் இருவர் நின்றிருந்தார்கள். ஷீலா குரலைத் தாழ்த்தி, பம்பைப் பேப்பரில் பொதிந்து தரச் சொன்னாள். அபிஷா எட்டிப் பம்பை அப்படியே என் கையிலிருந்து வாங்கினாள். கடை முழுக்கக் கேட்டது: "பேப்பர் எதுக்கும்மா? எனக்க மூச்சுக்கு உள்ள மருந்தாக்கும், களவெடுத்ததா?"

ஊருக்குத் தெரியாமல் மருந்து வாங்க ஆயிரம் வழி கண்டுபிடித்த நம்மவர்கள், ஊருக்குத் தெரியாமல் இரைக்க மட்டும் இன்னும் ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.