நடுவில் வந்துபோன ஐந்நூற்று எழுபத்தாறு

பல்கலைக்கழக அனுமதி வரும் வரும் என்று நான் வீட்டில் காத்திருந்த காலம் அது. யுத்தத்தால் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் ரியூட்டரி என்ற தனியார் வகுப்புகளுக்கு மட்டும் குறைவில்லை. கிடுகு வேலி, தகரக் கூரை, நாலு வரிசை வாங்கு, ஒரு கரும்பலகை. இவ்வளவும் இருந்தால் ஒரு ரியூட்டரி. கணக்குப் படிப்பிக்க வேண்டும் என்ற ஆசையில் மூன்று இடங்களில் போய்க் கேட்டேன். பொம்பிளைப் பிள்ளை படிப்பித்தால் பெடியள் அடங்க மாட்டார்கள் என்று மூன்று இடத்திலும் கையை விரித்தார்கள். நாலாவதாக, மருதனார்மடச் சந்திக்குப் பக்கத்தில் ரியூட்டரி நடத்திய ஒருவர், பத்தாம் ஆண்டு வகுப்பை ஒரு கிழமைக்கு, ஏழே நாளைக்கு, தந்து பார்ப்பதாகச் சொன்னார்.

முதல் கிழமை பிள்ளைகள் இலவசமாக வந்து இருந்து பார்ப்பார்கள். பிடித்தால் நிற்பார்கள், இல்லையென்றால் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு மாஸ்ரர் இருப்பார். கிழமை முடிவில் வேலியோடு எத்தனை சைக்கிள் சாத்தியிருக்கிறது என்பதுதான் எனக்குச் சோதனை. அந்த வகுப்பு எனக்கு வேண்டும். வெறியாகவே வேண்டும். இதுவும் போனால் ஐந்தாவது இடம் ஒன்று இல்லை.

செவ்வாய்க்கிழமை கனவுரு, அதாவது பெட்டி வடிவம், படிப்பித்தேன். ஒரு பெட்டியின் ஒன்றையொன்று தொடும் மூன்று முகங்களின் பரப்பளவு மட்டும் தெரியும். பன்னிரண்டு, எட்டு, ஆறு சதுர சென்ரிமீற்றர். நீளம், அகலம், உயரம் ஒன்றும் தெரியாது. பெட்டிக்குள் அடங்கும் கனவளவு எவ்வளவு? மூன்று பரப்பளவையும் பெருக்கினால் ஐந்நூற்று எழுபத்தாறு. அதன் வர்க்கமூலம் இருபத்துநாலு. கனவளவு இருபத்துநாலு கன சென்ரிமீற்றர். கையில் இருந்த துண்டு வெண்கட்டி முடிவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. எனக்கே என்னில் பெருமையாக இருந்தது.

மூன்றாம் வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பினாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைப் பின்னல், எதற்கும் சிரிக்காத முகம்.

"ரீச்சர், பன்னிரண்டு எண்டா தெரியுது, அது பெட்டியின்ரை மேல்பக்கம். இருபத்துநாலும் தெரியுது, உள்ளுக்கை இருக்கிற இடம். நடுவிலை ஐந்நூற்றி எழுபத்தாறு எண்டு ஒண்டு வந்திட்டுப் போச்சுதே, அது என்ன?"

நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் அந்தப் பெருக்கத்தில் இரண்டு தரம் வருகிறது, அதனால்தான் வர்க்கமூலம் எடுக்கிறோம் என்று எழுதிக் காட்டினேன்.

"அது விளங்குது ரீச்சர். அது எதின்ரை அளவு எண்டுதான் கேட்டனான்."

நான் பலகையைப் பார்த்தேன். நானே எழுதிய எண், யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து நிற்பதுபோல நின்றது.

"தெரியேல்லை. யோசிச்சுப்போட்டு நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

பெடியள் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. ரியூட்டரி மாஸ்ரர்மார் வாயில் வராத சொல் அது. சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது.

வீட்டுக்குப் போனதும் பழைய சவர்க்காரப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழம் கரைத்து உடுப்புத் தோய்த்த நாட்கள் அவை. பெட்டியில் வாசம் மட்டும் மிச்சம் இருந்தது. விளிம்பை விளிம்பால் பெருக்கினால் முகம். முகத்தை விளிம்பால் பெருக்கினால் பெட்டி. பெட்டியைப் பிறகு எதால் பெருக்குவது? பெட்டியைப் பெட்டியால் பெருக்கினால் வருவதை எங்கே வைப்பது? இரண்டு முகங்களை வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன், பக்கத்தில் வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன். கூட்ட முடிந்தது, அடுக்க முடிந்தது, பெருக்க முடியவில்லை. இத்தனை வருடம் படித்துச் சோதினையில் எழுதிக் குவித்ததெல்லாம் விளங்கித்தான் எழுதினேனா என்று சந்தேகம் வந்தது. அம்மா சோற்றை வைத்துவிட்டு வந்து பார்த்தா.

"என்ன பிள்ளை, பெட்டியோடை கதைக்கத் தொடங்கியிட்டியே?"

"அது திருப்பிக் கதைக்குதில்லை அம்மா."

வெட்டிய துண்டுகளைத் திரும்பப் பெட்டியாக ஒட்டப் பார்த்தபோதுதான் ஒரு வழி தெரிந்தது. பன்னிரண்டு முகமும் எட்டு முகமும் ஒரே விளிம்பில் சந்திக்கின்றன. அந்த விளிம்பு இரண்டுக்கும் பொது. ஆகவே மற்ற இரண்டு விளிம்புகளும் பன்னிரண்டுக்கு எட்டு, அதாவது மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்து செய்வது ஆறு என்ற முகம். அப்படியென்றால் அவை மூன்றும் இரண்டும். பொது விளிம்பு நாலு. எந்த இடத்திலும் ஐந்நூற்று எழுபத்தாறு தலைகாட்டவில்லை. பசி கூட மறந்துபோயிற்று.

மறுநாள் அதைச் சொன்னபோது வகுப்பு கலகலத்தது.

"எது சரி ரீச்சர், நேற்றையதோ இண்டையதோ?" என்றான் ஒருவன்.

"ரெண்டும் சரி."

"அப்ப சோதினையிலை எதை எழுதுறது?"

இரண்டு பேர் எழும்பித் தங்களுக்குள் வாதாடினார்கள். இரட்டைப் பின்னல்காரி மட்டும் விடவில்லை. "உது வேறை வழி ரீச்சர். அந்த எண் என்னெண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லை." அவள் சொன்னது சரி. நான் சுற்றிக்கொண்டு வந்தேனே தவிர, கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதையும் வாய்விட்டுச் சொன்னேன். நேரம் போனது தெரியாமல் எல்லோருமாகக் குழம்பிக்கொண்டிருந்தோம். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வெயிலில் சைக்கிளோடு நிற்க, ரியூட்டரி நடத்தியவர் வாசலில் வந்து நின்றார். எனக்கோ படிப்பித்தல் என்பது இதுதான் என்று தோன்றியது. அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

கிழமை முடிவில் சைக்கிள் குறையவில்லை. நான் உள்ளே போய் அவர் முன்னால் தைரியமாகவே நின்றேன்.

"பிள்ளை, உமக்குக் கணக்குத் தெரியாதெண்டு நான் சொல்லேல்லை" என்றார். குரலில் கோபமில்லை. "ஆனா பெடியள் உள்ளுக்கை போகேக்கை தெளிவாப் போய், வெளியிலை வரேக்கை குழம்பி வருகுதுகள். தாய் தேப்பன் உதுக்கே அனுப்புகினம்? வாற கிழமையிலையிருந்து வேறை ஒருத்தர் எடுப்பார்."

நான் ஓம் என்றுவிட்டு வந்தேன். அவரோடு சண்டை பிடிக்கவும் தோன்றவில்லை. அவர் சொன்னது பிழையா சரியா என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

அடுத்த கிழமை சந்தைக்குப் போகும்போது அந்த வேலியருகில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். உள்ளே புது மாஸ்ரர் என்னுடைய கணக்கையே திரும்பச் செய்துகொண்டிருந்தார். நான் குழப்பியதைத் தெளிவாக்கச் சொல்லியிருப்பார்கள்.

"மூண்டையும் பெருக்கு. ஐந்நூற்றி எழுபத்தாறு. வர்க்கமூலம் எடு. இருபத்துநாலு. அவ்வளவுதான். விளங்கிச்சுதோ?"

இனி அந்த இரட்டைப் பின்னல்காரி எழும்புவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எழும்பவில்லை. "ஓம் சேர்" என்று வகுப்பு முழுதும் ஒரே குரலில் சொன்னது. அதற்குள் அவளுடைய குரலும் இருந்தது, எனக்குத் தனியாகக் கேட்டது. வகுப்புப் போனதற்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.