பச்சையம்மாவின் கண்மதிப்பு

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்தில் புளியமரத்தைக் குத்தகைக்கு விடுவதென்றால் பச்சையம்மா வந்து மரத்தடியில் நிற்க வேண்டும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிளை கிளையாக ஒரு சுற்றுப் பார்ப்பாள். "அஞ்சு மூட்டை" என்பாள். மாசியில் உலுக்கிப் பார்த்தால் ஐந்துதான் இருக்கும். அவள் சொல்லும் மூட்டைக்குத்தான் வாணியம்பாடி வியாபாரி அமீனுல்லா விலை பேசுவார்.

ஒரே ஒரு மரத்தில் மட்டும் அந்தக் கண் சறுக்கியது. அது அவள் ஓரகத்தி மங்கம்மாளின் மரம். மூன்று வருஷமாகப் பச்சையம்மா எட்டு என்றாள். மூன்று வருஷமும் ஆறுதான் தேறியது.

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம், அமீனுல்லா பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டார்.

"அக்கா, இந்த வாட்டியும் தப்பாச்சுன்னா எங்க ஊர்லருந்து வேற ஆளைக் கூட்டியாந்துடுவேன். கோச்சுக்காதீங்க."

ஊரில் நாலு பேர் பச்சையம்மாவுக்கு வழிவிட்டு நிற்பது அந்தக் கண்ணுக்காகத்தான்.

மறுநாள் காலை மரம் பார்க்கக் கிளம்பும்போது, பாறையில் அவள் காயவைத்திருந்த சாமையை மங்கம்மாளின் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

"இன்னாடி, கோழியை ஓட்டமாட்டியா?"

"நீதான் ஓட்டேன், அக்கா. உன் சாமையில பாதி கல்லு. அதைத் தின்னுட்டு என் கோழி முட்டையே வெக்கல."

பதிலுக்கு வாயைத் திறந்த பச்சையம்மா அப்படியே நின்றாள். போன வருஷம் இதே நாளில் வேலித் தகராறு. அதற்கு முந்தின வருஷம் அம்மிக்கல். வருஷம் முழுக்கச் சிரித்துப் பேசுகிறவள், மரம் பார்க்கும் நாளில் மட்டும் வந்து வம்பிழுக்கிறாள். இவளுக்கு எரிச்சல் ஏறினால் இவள் கண்ணுக்கு அவள் மரத்தில் காய் கூடித் தெரிகிறது. கூடின இரண்டு மூட்டைக்கும் சேர்த்து விலை வாங்குகிறவள் மங்கம்மாள்.

மரத்தடியில் போய் நின்றாள். கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எட்டு. சாமி சத்தியமாக எட்டு.

"ஆறு" என்றாள்.

மங்கம்மாளின் முகம் சுருங்கியது. "கிழக்கால நல்லா பாரு அக்கா."

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

மாசியில் ஆறு மூட்டையும் ஒரு கூடையும் தேறின. அமீனுல்லா வியந்துபோய்க் கேட்டார், "இந்த வாட்டி எப்பிடிக்கா தெரிஞ்சுது?"

"எனக்கு எட்டுதான் தெரிஞ்சுது, பாய். கோவத்துக்கு ரெண்டு கழிச்சேன்."

அடுத்த தையில் மங்கம்மாள் சண்டைக்கு வரவில்லை. கோழியையே அடித்துக் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். விரலை நக்கியபடி பச்சையம்மா மரத்தடிக்குப் போனாள். ஏழு தெரிந்தது. இதில் எதைக் கழிப்பது? உள்ளே எவ்வளவு கோபம் மிச்சம் இருக்கிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. முழுக் கோபம் என்றால் இரண்டு என்று கணக்காவது உண்டு.

"கொஞ்சம் இருங்க பாய்" என்றவள் மங்கம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, இது என் சாமையைத் தின்ன கோழிதானே?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மரத்தை இன்னொரு சுற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.