மீன் ஒட்டாத மூலை

போன சனிக்கிழமை தம்பி மகளை ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேல்மாடியில் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுகிறார்களாம். சுவர் முழுக்கத் திமிங்கலம் வெளிச்சத்தில் நீந்துகிறது. ஒரு பக்கம் கதைப் புத்தகங்கள், இன்னொரு பக்கம் முட்டை அட்டையில் ஆமை செய்யும் மேசை. என் வாண்டு பத்து விரலிலும் பசையைப் பூசிக்கொண்டு என் கன்னத்தைப் பிடித்தது. முகர்ந்து பார்த்தேன். அந்தப் பசைக்கு வாசனையே இல்லை.

பசை என்றால் கொஞ்சமாவது புளித்த வாடை அடிக்க வேண்டாமா, சொல்லுங்கள்? நாங்கள் மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசை செய்த ஆட்கள். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் வகுப்பே மூக்கைப் பொத்திக்கொள்ளும். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அது. பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு அங்கே தற்காலிக ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். பயிற்சி கிடையாது. வாய் மட்டும் நிறைய இருந்தது. என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பதினொரு பிள்ளைகள். நூலகப் பெட்டியிலிருந்து கடலைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தை எடுத்து வாசித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"டீச்சர், நீங்க கடல பாத்துருக்கீங்களா?" என்று முதல் பக்கத்திலேயே கேட்டுவிட்டார்கள்.

"பாக்காம? எத்தனையோ தடவ!" என்றேன். அதுவரை நான் கடலைப் பார்த்தது நாட்காட்டியில் மட்டும்தான். இப்படிப்பட்ட ஆசிரியைதான் அலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள்.

விளையாட்டும் வைத்தேன். ஐந்து பேர் வலை பிடிக்க வேண்டும், மற்றவர்கள் மீன்கள். சுவாரசியத்துக்காக நடுவில் "மழ வருது!" என்று கத்தினேன். மீனவர்கள் ஐவரும் வலையைக் கீழே போட்டுவிட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டதற்கு, "மழ பேஞ்சா வேல இல்லலா டீச்சர்" என்றார்கள். ரப்பர் மரத்தின் வெட்டுப் பட்டை நனைந்தால் அன்றைக்குப் பால் எடுக்க முடியாது என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கடலுக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்துவிட்டார்கள். எதிர்த்து வாதாட எனக்கும் விஷயம் தெரியாது.

அடுத்து கைவேலை. ரப்பர் கொட்டைக்கு ஈர்க்குச்சிக் கால் வைத்தால் அருமையான நண்டு. பின்சுவர் முழுக்க நீலத் தாள் ஒட்டி, வெட்டிய காகித மீன்களை இஷ்டத்துக்கு ஒட்டச் சொன்னேன். இரண்டே நாளில் சுவர் நிறைந்துவிட்டது. வலது கோடியில் மட்டும் ஒரு முழம் அகலத்துக்கு வெறும் நீலம். அங்கே கோமதி காவல் நின்றாள். எட்டு வயது, ஒல்லி, முன்பல் இரண்டும் விழுந்த பிள்ளை.

"இங்க யாரும் மீன் ஒட்டாதீங்க. எங்கம்மா இருக்காங்க."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த பசைக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவள் அம்மா இறந்து ஒரு வருடமாகியிருந்தது. அஸ்தியை லூமுட் கடலில் கரைத்தார்கள். தோட்டத்துச் சனங்களுக்குக் கடல் என்றால் அதுதான். ஆண்கள் போய்க் கரைத்துவிட்டு, தலை முழுகிவிட்டு வீட்டுக்குள் வருவார்கள். பிள்ளைகளை யாரும் கூட்டிப்போவதில்லை.

"ஒருக்கா நேர்ல பாக்கணும் டீச்சர்" என்றாள் கோமதி. அன்றைக்கு மதியமே தலைமையாசிரியரிடம் போய் லூமுட்டுக்கு ஒரு பேருந்து கேட்டேன். மற்ற வீடுகளில் முணுமுணுத்தாலும் பெற்றோர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கோமதியின் கடிதம் மட்டும் வெறுமையாகத் திரும்பி வந்தது.

தோட்டத்து வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கே போனேன். அவள் அப்பா மணியம் அண்ணன் குழாயடியில் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"சூராட்ல கையெழுத்துப் போட மாட்டேன் டீச்சர். வேணாம்."

"புள்ள ஆசப்படுது அண்ணே."

"அம்மா எங்கன்னு அங்க வந்து கேக்கும். நா எந்த எடத்தக் காட்டுறது? சம்பான் படகுல கொண்டு போனாங்க, கரைச்சேன். திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு சொன்னாங்க, பாக்கல. எனக்கே எடம் தெரியாதுலா." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "நீங்கதான் பல தடவ பாத்தவங்களாமே. சொல்லுங்க, கரைச்சது அங்கனயே இருக்குமா, போயிருமா?"

பொய்யைத் தொடர எனக்கு வாய் வரவில்லை. "நா கடலயே பாத்ததில்ல அண்ணே" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டார். "அப்ப நானும் வாரேன். ரெண்டு பேரையும் பாத்துக்க ஆள் வேணும்ல" என்றார்.

பேருந்திலேயே பிள்ளைகளிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். லூமுட்டில் இறங்கியதும் பதினொரு பேரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். நானும்தான். புத்தகம் கடலின் இரைச்சலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கோமதி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா எங்க, அப்பா?" என்றாள். மணியம் அண்ணன் கடலுக்கு முதுகைக் காட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். அன்று படகு போன வழியை மனதில் தேடினாரோ என்னவோ. பிறகு மெல்லத் திரும்பி, "அந்தா" என்று கை நீட்டினார்.

கோமதி தண்ணீரில் கால் வைத்துக் கத்தினாள். "அம்மா! எனக்கு ரெண்டு பல்லு விழுந்துருச்சு!"

அவ்வளவுதான், மற்ற பத்துப் பேரும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். "அத்தே, கோமதி நல்லா படிக்கிறா!" "அத்தே, எங்க ஆடு குட்டி போட்டுருச்சு!" "அத்தே, டீச்சர் பொய் சொன்னாங்க!" தோட்டத்தில் எல்லார் அம்மாவும் எல்லாருக்கும் அத்தையோ சின்னம்மாவோதானே. ஒரு வருடச் செய்தியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்கள். மணியம் அண்ணன் மணலில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அந்த நாள் இன்னும் ஒரே ஒரு தடவை வேண்டும் போலிருக்கிறது.

தோட்டம் பிறகு கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, இப்போது வீடமைப்புப் பகுதி. லயம் போய்விட்டது, பள்ளியும் பெயரோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. பிள்ளைகள் கமுந்திங் தொழிற்சாலை, ஈப்போ, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசை. மணியம் அண்ணன் இறந்த செய்தி எனக்கு வாட்சாப்பில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பத்து நாளாகியிருந்தது. அஸ்தியை லூமுட்டில்தான் கரைத்தார்களாம். கரையில் யார் யார் நின்றார்கள் என்று கேட்டேன். கோமதியும் அவள் கணவரும் மட்டும்தானாம்.