அம்மனிடம் சொன்ன கம்பெனி ரகசியம்

மலேசியாவில், மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட் கோயில் திருவிழா எனக்கு எப்போதுமே பாதித் தூக்கத்தில் பார்த்த மாதிரிதான். செம்பனை மரங்களுக்கிடையே பனி விலகாத காலை, சாம்பிராணிப் புகை, எங்கோ தொடங்கி எங்கோ நம்மை இழுத்துப்போகும் உறுமி மேளம். எந்த வருஷம் எது நடந்தது என்று கேட்டால் குழம்பிவிடுவேன். அந்த ஒரு வருஷம் மட்டும் குழம்புவதில்லை.

என் கணவர் ஒரு தோட்டக் கம்பெனியில் கணக்கு அதிகாரி. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி. அதைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போகிற விஷயம் அவருக்குத் தெரியும். வெளியே விடக்கூடாது என்பதும் தெரியும். கட்டிய பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை, மனிதர். கடைசியில் அம்மனிடம் போய்க் கொட்டினார்!

அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் பூசாரி, "யார் பேருக்குங்க?" என்றார். மேளச் சத்தத்தில் இவர் அவர் காதருகே குனிந்து கத்தினார். சொல்லி வைத்தாற்போல் அந்த நேரத்தில்தான் மேளம் நின்றது.

"எங்க கம்பெனி பேருக்கு சாமி. பெரிய கம்பெனி எங்கள வாங்கப் போறாங்க, நல்லபடியா முடியணும்!"

"கம்பெனிக்கு நட்சத்திரம் என்னங்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் தேங்காயுடன் நின்ற என் அண்ணன் சிரிக்கவில்லை. புகைக்குள் அவர் முகம் வெகுதூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது.

செய்தி வெளிவரும் முன்பே அண்ணன் அந்தப் பங்குகளைக் கைபேசியிலேயே வாங்கிவிட்டார். செய்தி வந்ததும் விலை எகிறியது, விற்றார். பாச்சாங்கில் எங்கள் வீட்டுக்கு லட்டுப் பெட்டியோடு வந்து, "மச்சான் கும்பிட்டது வீணாப் போகல லா" என்றார். என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இரண்டு லட்டு தின்றேன்.

கோலாலம்பூரிலிருந்து பங்குச் சந்தை ஆணையம் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டபோதுதான் விளங்கியது. எங்கள் வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார்: "சாமிகிட்ட சொன்னதுக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்கம்மா. வாங்கச் சொல்லி உங்க அண்ணனுக்குச் சொன்னாரான்னுதான் கேப்பாங்க. சொல்லியிருந்தா இவருக்கு ஜெயில்கூட வரும். அண்ணன் அந்தக் கம்பெனியில வேலை செய்யலன்னாலும், வெளிய வராத விஷயம்னு தெரிஞ்சே வாங்கியிருந்தா அவரும் மாட்டுவாரு."

மச்சான் சொன்னார், மற்றது எனக்குத் தெரியாது என்று அண்ணன் கைகாட்டிவிட்டால் என் வீட்டுக்காரர் கதி? போனில் அண்ணனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். "பாவி, என் குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்றேன்.

விசாரணை நாளன்று அந்த அலுவலகத்துக்கு வெளியே காத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் மழை சத்தமில்லாமல் பெய்தது. நேரம் நகர்கிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. அண்ணன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"நடந்ததத்தான். மச்சான் எனக்குச் சொல்லல, அம்மனுக்குச் சொன்னாரு. நான் காதுல வாங்கிட்டேன். வெளிய வராத விஷயம்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்னு சொல்லிட்டேன்."

"வக்கீலம்மா சொன்னது உனக்குத் தெரியாதா? இப்படிச் சொன்னா நீ..."

"தெரியும்மா. நீ சாப்பிட்டியா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, ஓவென்று அழுதேன்.