கோடு வளையாத கண்ணாடி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பஸ் ஜன்னல் கண்ணாடி என்றால் என் பட்டறைதான். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன், தோளில் கண்ணாடி சுமந்து சுமந்தே சொந்தமாக உலை வைக்கும் அளவுக்கு வந்தவன், சொல்லிக்கொள்வதில் என்ன தப்பு? ஆனால் யாரைப் பார்த்தாலும் பட்டறையைப் பற்றி நான் பிறகுதான் பேசுவேன். முதலில் பேசுவது என் பெண்ணைப் பற்றி. அவள் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விண்மீன் மண்டலங்களின் எடையை அளந்துகொண்டிருந்தாள். ஆர்.கே.பேட்டைப் பக்கம் எங்கள் சொந்தத்தில் அப்படி ஒருத்தி கிடையாது. எனக்கு இருப்பதும் அவள் ஒருத்திதான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். ஒரு மழைக்காலத்தில் பெட்டியோடு வந்து இறங்கினாள். இனிமேல் போகவில்லை என்றாள். தென் அமெரிக்காவில் ஏதோ மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் சில ராத்திரிகள் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை கேட்டும் இல்லை என்றுவிட்டார்கள். அது கிடைக்காமல் அவள் ஆராய்ச்சி பாதியில் நிற்கிறதாம். என் மனைவி அழுதாள், பிறகு ஜாதகத்தைத் தேடி எடுத்தாள். நான் அழவில்லை. உண்மையைச் சொன்னால், பட்டறைக்கு ஆள் வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான்.

ஆபீஸ் அறையில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றாள். செக்கிங் வேலை பார்க்கிறேன் என்றாள்.

எங்கள் செக்கிங் இப்படி. உலையில் காய்ச்சிக் காற்றடித்துக் குளிரவைத்த கண்ணாடியில் சில சமயம் அலை விழுந்திருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகச் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பலகை ஒன்று மாட்டியிருக்கிறோம். கண்ணாடியைக் கையில் தூக்கிப் பிடித்து, அதன் வழியே பலகையைப் பார்க்க வேண்டும். கோடு நேராக ஓடினால் நல்ல கண்ணாடி. நெளிந்தால் அந்த இடத்தில் குறை, ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

இவள் முதல் வேலையாக இரும்பில் ஒரு ஸ்டாண்டு செய்யச் சொன்னாள். கை ஆடினால் கோடும் ஆடும், சரியாகத் தெரியாது என்றாள். ஆட்கள் கண்ணாடியைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைப்பார்கள், இவள் தள்ளி நின்று பார்ப்பாள். ஒதுக்கிய கண்ணாடிகளையும் விடமாட்டாள். கோடு எப்படி நெளிகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். செக்கிங்கில் பழைய ஆளான அம்மாள் ஒருத்தி கிண்டல் செய்வாள்: "இன்னாம்மா, ஒதுக்குனதையே மொறச்சிக்கினு கீற? அதுங்கூடச் சண்டையா?" அதற்கு மட்டும் என் பெண் கொஞ்சம் சிரிப்பாள். வீட்டில் அதுவும் இல்லை.

நான் போகிற இடமெல்லாம் சொன்னேன், நட்சத்திரத்தைப் பார்த்த கண் இப்போது என் கண்ணாடியைப் பார்க்கிறது என்று.

பிறகு ஒரு நாள் அனுப்பிய லோடு அப்படியே திரும்பி வந்தது. கண்ணாடியைப் பொருத்தி பஸ்ஸை ஓட்டிப் பார்த்தால் ஜன்னல் ஒவ்வொன்றும் ரப்பருக்குள் கடகடவென்று ஆடியதாம். அளந்து பார்த்தோம். ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கண்ணாடி நான்குதான் இருந்தது. எங்களுக்கு வந்த பெட்டியே மாறி வந்திருக்கிறது. கையில் தூக்கிப் பார்க்கிறவருக்கு எடை சொல்லிவிடும். இவள் கைதான் கண்ணாடியில் படவே இல்லையே. தூக்கி வைத்த ஆட்களும், முதலாளி பெண் பார்த்தால் சரியாக இருக்கும் என்று வாயைத் திறக்கவில்லை.

கோபமாகத்தான் போனேன். "இன்னா பாத்த நீ?" என்றேன்.

திரும்பி வந்த கண்ணாடி ஒன்றை ஆளை விட்டு ஸ்டாண்டில் வைக்கச் சொன்னாள். கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தன. பிறகு அதைக் கையில் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கயும் இதேதான் நைனா," என்றாள்.

ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் என்னவென்று அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான். ஒரு விண்மீன் மண்டலத்துக்கு வெகு தூரம் பின்னால் இன்னொன்று இருக்கும். பின்னால் இருப்பதன் வெளிச்சம் முன்னால் இருப்பதைக் கடந்து வரும்போது அதன் எடையால் வளைந்துவிடும். நமக்கு அது வில் மாதிரி, சில சமயம் வளையம் மாதிரி தெரியும். அந்த வளைவை வைத்து, முன்னால் இருப்பதில் எந்த இடத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று கணக்கிடலாம். அப்படிக் கணக்கிட்டால் நட்சத்திரங்களின் எடை போதவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருள் நிறைய இருந்தாக வேண்டும்.

தொல்லை அங்கேதான். அந்தத் தெரியாத பொருள் ஒரு தகடுபோல எங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தால் வளைவின் உருவம் அதைக் காட்டிக்கொடுக்காது, சீராக மெலிந்த எங்கள் கண்ணாடியைக் கோடு காட்டிக்கொடுக்காததுபோல. மண்டலத்தின் எடையைக் குறைத்துத் தகட்டைச் சேர்த்தாலும் அதே வில்தான், தகடே இல்லை என்றாலும் அதே வில்தான்.

"நமக்காவது பலகையில கோடு நேருன்னு தெரியும் நைனா. அங்க பின்னாடி கீறது நெஜமா எந்த சைஸுன்னு யாருமே பாத்ததில்ல."

"அப்போ தராசுல வை," என்றேன்.

"அதுக்குத்தான் அந்த மலைமேல பாக்கணும்னு கேட்டேன். உள்ள கீற நட்சத்திரங்க எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாத்தா எடை தனியாத் தெரிஞ்சிடும். குடுக்கலியே."

திரும்பி வந்த கண்ணாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். லோடு வீணானதைப் பற்றி அவளுக்கு வருத்தமே இல்லை. அவள் வருத்தம் முழுக்க எடை பிடிபடாத அந்த மண்டலத்தின்மேல் இருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இன்னொரு தபா கேளு," என்றேன்.

"மறுபடியும் இல்லன்னா?"

"அத அப்போ பாத்துக்கலாம். கேளு."

பட்டறைக் கம்ப்யூட்டரில்தான் விண்ணப்பம் எழுதினாள். பதில் வரும்வரை இங்கேயே வேலை பார்த்தாள், ஸ்டாண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கையில் தூக்கி. அந்த மாதங்களில் என் மனசு இரண்டாகக் கிடந்தது. அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று திருப்பாச்சூர் சிவனிடம் வேண்டிக்கொண்டேன். கிடைக்காமல் போனால் இங்கேயே இருப்பாள் என்பதும் அதே சன்னதியில் நிற்கும்போது தோன்றிற்று. இரண்டையும் அவர் கேட்டிருப்பார்.

கிடைத்தது. போனாள்.

நெடுநாள் கழித்து ஒரு சாயங்காலம் போன் செய்தாள். எடை பிடிபட்டுவிட்டது என்றாள். தகடு இருக்கிறதாம். அது அந்த மண்டலத்துடையது மட்டும் இல்லையாம், அக்கம்பக்கத்து மண்டலங்களின் பொருளும் சேர்ந்ததாம். நட்சத்திரங்கள் முடிகிற இடத்தையும் தாண்டி, வெளிச்சமே இல்லாத தூரம்வரை பரவியிருக்கிறதாம். குரல் பழையபடி ஆகியிருந்தது.

"எப்போ வர?" என்று கேட்டேன்.

"இன்னும் நெறைய மண்டலம் பாக்கணும் நைனா."

"பாரு, பாரு," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள். "வராளாமா?" என்றாள்.

"வரமாட்டா. அங்க வேல கீது," என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனதும், எனக்குப் பிறகு பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வெளியாள் ஒருவரைத் தேடச் சொன்னேன்.